ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள் எங்கே போனார்கள்? பஸ்தரில் திரும்பத் திறக்கும் பள்ளிகள்

#1 பாதசாரி

வேறோர் இழையில் ஒருவர், “பஸ்தரில் துப்பாக்கிச் சத்தம் ஓயப்போகிறது, இனிப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதுதான் பாக்கி” என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் இந்தத் தனி இழை.

பஸ்தர் என்பது சத்தீஸ்கரின் தெற்கே உள்ள பழங்குடிப் பகுதி. அங்கே சுக்மா மாவட்டத்தில் ஒரு தன்னார்வ அமைப்புக்காக இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறக்கும்போது உடனிருந்து உதவுவது எங்கள் வேலை. நான் கண்ட வரையில் கட்டடம்தான் எல்லாவற்றிலும் சுலபம். நான் போன முதல் கிராமத்தில் ஊரார் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு நான்கே நாளில் கொட்டகை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பழைய பள்ளியின் சிமெண்டுத் தரை மட்டும் ஊருக்கு வெளியே மிச்சமிருந்தது. அதன்மேல் ஒரு பாட்டி இலுப்பைப் பூ காய வைத்திருந்தார். “இவ்வளவு நல்ல களம் வேறெங்கே கிடைக்கும்?” என்றார். அங்கே ஒரு காலத்தில் பள்ளி இருந்தது என்பதைக்கூட நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்.

கொட்டகை தயார். பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! உள்ளூரில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பது ஏற்பாடு. அவருக்கு அங்கே ‘சிக்ஷாதூத்’ என்று பெயர், கல்வித் தூதர் என்று பொருள். ஊரில் அறுபது வீடு இருக்கும். இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை.

ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2005 ஜூனில் சல்வா ஜூடும் தொடங்கியது. மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்கள் இயக்கம் என்றது அரசு. நடந்தது என்னவென்றால், கிராமங்கள் காலியாகின. 644 கிராமங்கள் என்ற எண் அடிக்கடி சொல்லப்படும். ஒரு பகுதியினர் சாலையோர முகாம்களுக்கு, மற்றவர்கள் காட்டுக்குள் அல்லது ஆந்திர எல்லைக்கு அப்பால். முகாமுக்கு வராதவர்கள் மாவோயிஸ்டுகள், வந்தவர்கள் காட்டிக்கொடுப்பவர்கள். நடுவில் நிற்க இடமே இல்லை. உள்கிராமப் பள்ளிகள் ஒன்று மூடப்பட்டன, இல்லையென்றால் முகாம்களுக்குப் பெயர்ந்தன. மிஞ்சிய கட்டடங்களில் படையினர் தங்கினார்கள், தங்கக்கூடும் என்று மாவோயிஸ்டுகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது சிறப்புக் காவல் அலுவலர்கள் விவகாரம். சல்வா ஜூடும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 5 அன்று தந்த தீர்ப்பை வாசித்துப் பாருங்கள். மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் பழங்குடி இளைஞர்கள் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஐந்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு முன்னுரிமை. இரண்டு மாதப் பயிற்சி. அதில் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 பீரியட். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 24 பீரியடில் இதெல்லாம் எப்படிப் புரியும் என்று நீதிபதிகளே வியந்திருக்கிறார்கள். அந்த நியமனம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நிறுத்தினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஊர்களில் ஐந்தாம் வகுப்பு தேறியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாளைக்கு ஆசிரியராக, அங்கன்வாடி ஊழியராக, ரேஷன் கடைக் கணக்கு எழுதுபவராக வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அந்த ஒரு பிடி விதைநெல்லை எடுத்துத்தான் சமைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு தேறாதவர்களைக் காட்டுக்குள் இருந்தவர்கள் அழைத்துக்கொண்டார்கள். பால சங்கம் என்ற பெயரில் சிறுவர்களைச் சேர்த்த கதை ஊருக்கு ஊர் இருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு எழுத்தே இல்லாமல் போன ஊரில் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியரை எங்கிருந்து கொண்டுவருவது? என் கேள்வி இதுதான்.

#2 நேர்கோடு

நல்ல பதிவு. ஆனால் தராசு கொஞ்சம் சாய்கிறது. படையினர் தங்கியதாலேயே பள்ளிகள் தகர்க்கப்பட்டன என்பது மாவோயிஸ்டுகள் சொல்லிவந்த சமாதானம். எவரும் தங்காத பள்ளிகளும் தகர்ந்தன. சாலை போடவிடாமல் தடுத்ததும், சாலை இல்லாததால் அரசு ஆசிரியர் உள்ளே வராததும் யாருடைய கணக்கு?

2022 ஜூனில் சத்தீஸ்கர் அரசு மூடிக் கிடந்த 260 பள்ளிகளைத் திரும்பத் திறந்தது. பெரும்பாலானவை பீஜாப்பூரிலும் சுக்மாவிலும். ஜகர்குண்டாவில் 13 ஆண்டுகள் கழித்து 2019இல் பள்ளி நடந்தது. பாதுகாப்புப் படை முகாம்கள் உள்ளே போனதால்தானே இது முடிந்தது? நீங்கள் சொன்ன சிக்ஷாதூத்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024லும் 2025லும் அவர்களில் பலரை உளவாளிகள் என்று முத்திரை குத்திக் கொன்றது யார்? அதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

#3 பாதசாரி

எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது சரி. தவிர்த்ததற்குக் காரணம் அரசியல் அல்ல. கொல்லப்பட்டவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எழுதக் கை வரவில்லை.

#4 கணக்கு வாத்தியார்

தம்பி பாதசாரி, முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய கொள்கையெல்லாம் மற்றவர்கள் பேசட்டும். எனக்கு மூன்று கேள்விகள்தான்.

பள்ளி பதிமூன்று வருடம் மூடியிருந்தது என்கிறார் நேர்கோடு. திறந்த அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையின் வயது என்ன? பதின்மூன்று வயதுப் பையன் ஆறு வயதுத் தங்கையோடு உட்காருவானா? கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அப்படிச் சேர்ந்தவனுக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு என்கிறது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. அந்தப் பயிற்சியை அங்கே யார் கொடுத்தார்கள்? கொடுக்காமல் ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் நாற்காலிக்குச் சமம். ஒன்பதாம் வகுப்பு வரை உருட்டிக்கொண்டு வந்து அங்கே தள்ளிவிடுவோம். சண்டையே இல்லாத ஊர்களிலும் இதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

#5 மலையருவி

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். அது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். கல்வராயன் மலையில் ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். சண்டையில்லாத மலை அது. அங்கேயே மாற்றுச் சான்றிதழ் இல்லாமல், பிறந்த தேதி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு நாங்களே ஒரு தேதி போடுவோம். ஜூன் மாதத் தேதிகளாகவே இருக்கும், சேர்க்கைக்கு வசதி!

நான் பேச வந்தது உறைவிடப் பள்ளி பற்றி. பஸ்தரில் போர்ட்டா கேபின் என்று ஒன்று உண்டு, உள்ளூரில் ‘போட்டா கேபின்’ என்பார்கள். சாலையோரத்தில், பெரும்பாலும் மூங்கில் தட்டிகளால் வேகமாக எழுப்பிய விடுதியோடு கூடிய பள்ளிகள். சிமெண்டுக் கட்டடம் கட்டினால் படை தங்கும் என்று தகர்ப்பார்கள், இதை யாரும் தொடமாட்டார்கள் என்பது கணக்கு. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே வளாகத்தில். ஒரு நெருக்கடிக்கு அது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அகப்படாமல் பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்று பெற்றோர் கொண்டுவந்து விட்டார்கள். படிப்பு அவர்களுக்கு இரண்டாவது காரணம்.

ஆனால் நெருக்கடிக்குக் கட்டியது நிரந்தரமாகிவிட்டது. 2024 மார்ச்சில் பீஜாப்பூர் மாவட்டத்தில் அப்படி ஒரு பெண்கள் விடுதி தீப்பிடித்து நான்கு வயதுக் குழந்தை இறந்துபோனது. நான்கு வயது! விடுதியில் அக்காவோ உறவோ இருந்தால் சின்னதும் கூடவே ஒட்டிக்கொள்ளும், எங்கள் மலையிலும் அப்படித்தான். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது, சோறு மட்டும் இருக்கும்.

தீ ஒரு நாள் செய்தி. தினமும் நடப்பது வேறு. ஆறு வயதில் விடுதிக்குப் போகும் பிள்ளை இலுப்பைப் பூ பொறுக்கத் தெரியாமல், பீடி சுற்ற உதவும் தேந்து இலை கட்டத் தெரியாமல், ஊர்த் திருவிழாவில் ஆடத் தெரியாமல் வளர்கிறது. பத்தாம் வகுப்பில் தவறினால் ஊருக்குத் திரும்பி என்ன செய்யும்? வயல் வேலையும் வராது, வெளிவேலையும் கிடைக்காது. எங்கள் பள்ளியில் அப்படித் திரும்பிய பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே ‘விடுதிக்காரன்’ என்று கிண்டல் செய்வார்கள். பாவம், அது எவ்வளவு கசப்பான சொல் என்று கேட்பவனுக்குத்தான் தெரியும்.

பாதசாரி அண்ணா கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. ஆசிரியர் இல்லாததால் பிள்ளையை ஊரிலிருந்து எடுத்துவிட்டோம். பிள்ளை இல்லாததால் ஊருக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. இப்படியே பதினைந்து வருடம்.

#6 சொல்லாய்வு

மொழியை இன்னும் யாரும் தொடவில்லையே என்று காத்திருந்தேன்.

உண்டி, ரண்ட், மூந்த், நாலுங், சையுங், சாருங், ஏருங். பஸ்தர் பழங்குடிகள் பலர் பேசும் கோண்டி மொழியில் ஒன்று முதல் ஏழு வரை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நமக்கு ஏதோ கேட்ட குரல்போல இருக்கும். ஐந்து, ஆறு என்ற சொற்களின் முன்னால் ஒரு காலத்தில் சகரம் இருந்து தமிழில் தேய்ந்துபோனது என்பார்கள் மொழியியலாளர்கள். கோண்டி அதை இன்னும் வைத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கோண்டி பேசுவோர் சுமார் 29.8 லட்சம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடமில்லை. அந்த எண்ணிக்கையில் பாதியே உடைய போடோ மொழி 2003இல் உள்ளே வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, “நம் தாய்மொழிக் குடும்பம்!” என்று யாரும் மார்தட்ட வேண்டாம். தமிழில் பேசினால் அங்கே ஒரு சொல்கூடப் புரியாது. சொல்ல வருவது, பள்ளியின் மொழியான இந்தி அந்தக் குழந்தைக்கு அண்டை மொழிகூட அல்ல, வேறு குடும்பத்து மொழி என்பதுதான். பஸ்தரிலேயே இந்திக்கு உறவான ஹல்பி பேசும் பிள்ளைக்கு இந்தி எட்டும் தூரம். கோண்டிப் பிள்ளைக்கு முதல் மூன்று வருடம் வகுப்பறை வெறும் ஓசை.

ஆகவே கோண்டியில் பாடம் நடத்து என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமா? எந்தக் கோண்டி? உப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் ‘சோவர்’, இன்னொன்றில் ‘ஹோவர்’, தெற்கே போகப் போக ‘ஓவர்’. (நம்முடைய உவர் நிலம் நினைவுக்கு வருகிறதா?) பாடநூலில் எதை அச்சிடுவது? சுக்மாவின் தெற்கே கோண்டாவைச் சுற்றி இருப்பவர்கள் பேசும் தோர்லியில் தெலுங்கு வாடை. நாராயண்பூர் முரியா பேச்சு வேறு. எழுத்திலும் சண்டை. தேவநாகரியா, தெலுங்கா, 1918இல் உருவாக்கிய மசாராம் எழுத்தா, குஞ்சாலா எழுத்தா?

பக்கத்தில் ஒடிசா ஒரு வழி கண்டது. 2007இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்தார்கள், அதில் கோண்டிக்கு நெருங்கிய கோயாவும் ஒன்று. ஒடிசாவின் மல்கான்கிரியும் சுக்மாவும் எல்லையைப் பகிரும் மாவட்டங்கள். ஒரே மக்கள், நடுவில் மாநில எல்லை. அந்தப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தாலே பாதி வேலை மிச்சம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆனால் துறைகள் அப்படி யோசிப்பதில்லை, ஒவ்வொன்றும் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கும்.

#7 முல்லைமணல்

இந்தத் தளத்தில் அதிகம் எழுதுவதில்லை. வன்னியில் படிப்பித்த ஆள் என்பதால் ஒன்று சொல்லலாமா?

எங்களுக்கும் கொட்டகைப் பள்ளிக்கூடம் தெரியும். மரத்துக்குக் கீழே வகுப்பு, இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் இன்னொரு பள்ளிக்கூடத்தில் பின்நேரம் நடப்பது, வாங்கு இல்லாமல் உரப்பை விரித்து இருப்பது, எல்லாம். 2009இல் செட்டிக்குளம் முகாமுக்குள்ளே பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். கொப்பி இல்லாத பிள்ளை ஒரே தாளில் பென்சிலால் எழுதி, அழித்து, அதிலேயே மறுபடி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

பாதசாரியின் பதிவை வாசிக்கும்போது ஒரு வித்தியாசம் முகத்தில் அறைந்தது. எங்களோடு ஆசிரியர்களும் இடம்பெயர்ந்தார்கள். கொட்டிலுக்குள் இருந்த அகதியில் ஒருத்தி கணித ஆசிரியை, இன்னொருவர் அதிபர். கரும்பலகை இல்லாவிட்டாலும் ஆள் இருந்தது, அவரும் எங்கள் மொழியே பேசினார். ஆகவே யுத்தம் எங்களிடம் எதை எடுத்தாலும் அந்தக் கண்ணி அறவில்லை. பஸ்தரில் அறுந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கட்டடத்தையும் புத்தகத்தையும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கலாம். ஆளை?

இன்னொன்று. சத்தம் பிள்ளைக்குள் நிற்கும். கதவு பலமாகச் சாத்தினால் மேசைக்குக் கீழே போகிற பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது. அங்கே அதை யாராவது கவனிக்கிறார்களா?

#8 நேர்கோடு

முல்லைமணல், உங்கள் பதிவுக்கு நன்றி, உண்மையாகவே.

ஆனாலும் நடைமுறைக்கு வருவோம். ஆள் இல்லாத இடத்தில் முகாமிலிருக்கும் படை வீரர்களே மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். புத்தகம், பை, விளையாட்டுப் பொருள் கொடுக்கிறார்கள். 2025 மே 21 அன்று மாவோயிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளரே கொல்லப்பட்ட பிறகு, 2026 மார்ச் 31க்குள் மாவோயிஸ்டுகளை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு விதித்திருந்த கெடு வெறும் பேச்சில்லை என்று ஆகிவிட்டது. இந்த வேகத்தில் முகாமும் பள்ளியும் சேர்ந்து போவதில் என்ன தவறு?

#9 மலையருவி

தவறு இருக்கிறது. நான் வசித்த மலையில் வனத்துறை ஜீப் வந்தாலே பிள்ளைகள் பின்கதவால் ஓடுவார்கள். தமிழ்நாட்டில் வாச்சாத்தியை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 1992இல் சந்தன மரச் சோதனை என்று அந்த ஊருக்குள் போன வனத்துறையினரும் காவல்துறையினரும் மக்களை அடித்ததும் பெண்களை வன்கொடுமை செய்ததும் நீதிமன்றத்தில் நிரூபணமானது. சீருடையைப் பார்த்துப் பயந்த ஊரில் அதே சீருடை ‘அ’னா எழுதிப் போட்டால் பிள்ளை ‘அ’னாவைப் பார்க்காது, இடுப்பில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும்.

பீஜாப்பூர் மாவட்டத்துச் சார்க்கேகுடாவில் 2012 ஜூனில் இரவில் பதினேழு பேர் பாதுகாப்புப் படையினரால் சுடப்பட்டார்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்றில்லை என்று நீதி விசாரணை ஆணையமே 2019இல் சொன்னது. அந்த ஊர்ப் பிள்ளையிடம், “படி, படித்தால் நன்றாக இருப்பாய்” என்று யார் போய்ச் சொல்வது?

#10 நேர்கோடு

அப்படியென்றால் ஆசிரியரும் வேண்டாம், வீரரும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம் என்று விட்டுவிடலாமா? குறை சொல்வது எளிது சகோதரி. அந்த வீரர்களில் பலரும் அதே பஸ்தர் பிள்ளைகள்தான், அவர்கள் பேசுவதும் கோண்டிதான்.

#11 மட்டுறுத்துநர்

சூடு ஏறுகிறது. ஆள்மேல் போகாமல் பொருள்மேல் பேசுங்கள். இரண்டு பதிவுகளிலிருந்து சில வரிகள் நீக்கப்பட்டன.

#12 சட்டப்புத்தகம்

நேர்கோடு கடைசியில் போகிற போக்கில் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான வாக்கியம் என்று நினைக்கிறேன். கோண்டி பேசத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள், ஆனால் சீருடையில் இருக்கிறார்கள். 2011 தீர்ப்புக்குப் பிறகும் அந்தப் பாதை மூடப்படவில்லை. பெயர் மாறியது: துணை ஆயுதப்படை, மாவட்ட ரிசர்வ் காவல் படை, பஸ்தர் ஃபைட்டர்ஸ். பத்தோ பன்னிரண்டோ படித்த பையனுக்குக் கைக்கெட்டும் நிரந்தர வேலை பெரும்பாலும் அதுதான். ஆசிரியர் வேலைக்கோ பட்டயம், தகுதித் தேர்வு எல்லாம் வேண்டும். பாதசாரியின் விதைநெல் இன்றைக்கும் அதே பானைக்குத்தான் போகிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம், மோகாவ்ன் கிராமம். கிராம சபையே 2019இல் கோண்டி வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அரசைக் கேட்டுக் காத்திராமல் தாங்களே! கல்வித்துறை என்ன செய்தது? அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று நோட்டீஸ் அனுப்பியது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அங்கீகாரமில்லாமல் நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு வரை போனது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊர் தானாகச் செய்தால் அபராதம்.

படைகள் பள்ளிகளைக் காலி செய்ய வேண்டும் என்று 2011 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் நான்கு மாதக் கெடு விதித்தது. பள்ளிகளைப் போர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைக்கும் பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை. வாத்தியார் ஐயா சொன்னதுபோல் காகிதத்துக்கு இந்த நாட்டில் குறையே இல்லை.

#13 கணக்கு வாத்தியார்

ஒரு லட்சம் அபராதமா? ஓராசிரியர் பள்ளியில் அந்த ஓராசிரியரும் மூன்று மாதம் வராமலிருந்தால் என்ன அபராதம் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா? தேடிப் பார்த்துச் சொல்லுங்கள், ஆசையாக இருக்கிறது.

#14 பாதசாரி

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன பதின்மூன்று வயதுப் பையன் இருந்தான். முதல் நாள் வந்தான், சுவரோரம் நின்றான், மறுநாள் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, “மாடு பார்க்க ஆள் இல்லை” என்றார் அவன் அம்மா. பிறகு மாலையில் விளக்கு வைத்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு நடத்தினோம், அதற்கு வந்தான். ஏற்பாடு எங்களுடையது, சட்டத்தினுடையது அல்ல. நாங்கள் அங்கிருந்து கிளம்பிய பிறகு அது நின்றிருக்கும்.

முல்லைமணல் அண்ணா, பிள்ளைகளின் பயத்தை யாரும் கவனிக்கவில்லை. அதற்கென்று ஒரு படிவம்கூட இல்லை. நான் கண்டது: வரையச் சொன்னால் ஹெலிகாப்டர் வரைவார்கள். சந்தை வரையச் சொன்னாலும் மூலையில் ஒரு ஹெலிகாப்டர் இருக்கும். அதோடு மலேரியா வேறு. மழைக்காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் சுருண்டு படுத்திருப்பார்கள். எது காய்ச்சல், எது பயம், எது பசி என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சான்றிதழ் கதையை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பழங்குடிச் சான்றிதழ் வேண்டுமென்றால் 1950 செப்டம்பர் 6க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எரிந்த வீட்டில் எந்த ஆதாரம் மிஞ்சும்? அபூஜ்மாட் காட்டு மலைப் பகுதியில் இன்னும் சிக்கல். பெரும்பாலும் முறையான நில அளவையே நடக்காத பகுதி அது, பட்டா என்ற பேச்சே இல்லாத இடத்தில் பட்டா நகல் கேட்டால்? சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகையும் சிக்கல், மேல்படிப்பு இடமும் சிக்கல். பெயரும் ஒரு தொல்லை. வெளியூர்க் குருஜிக்கு வாயில் நுழையாத பெயரையெல்லாம் இந்திப் பெயராக்கிப் பதிவேட்டில் எழுதிவிடுவார். ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர். ஒரே வகுப்பில் நான்கு சஞ்சய் இருந்தார்கள். வீட்டில் ஒருவரையும் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை.

கடைசியாக, அந்த ஊருக்கு ஆசிரியர் கிடைத்த கதை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சல்வா ஜூடும் காலத்தில் ஆந்திரப் பக்கம் ஓடியவர்கள் இப்போது தெலங்கானாவில் இருக்கிறார்கள். பத்ராச்சலம், முலுகு காடுகளில் குடிசை போட்டு மிளகாய்க் காட்டில் கூலி வேலை. அங்கே அவர்களைக் குத்திக் கோயா என்பார்கள். சத்தீஸ்கரில் பழங்குடி, ஆற்றைத் தாண்டினால் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அப்படிப் போன ஒரு குடும்பத்தின் மகள், கைக்குழந்தையாகப் போனவள், எட்டாம் வகுப்பு வரை தெலுங்கில் படித்துவிட்டுக் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு மருமகளாக வந்திருந்தாள். வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் ‘வாசிக்க’ என்றால் அங்கே இந்தி வாசிக்க.

அவள் கோண்டியில் பேசி, தெலுங்கு எழுத்தில் எழுதிக் காட்டி, எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். உண்டி, ரண்ட், மூந்த். பிள்ளைகள் கத்திய கத்தலில் பன்றிகள் ஓடின. சொல்லாய்வு ஐயா, உங்கள் உப்புச் சிக்கல் அங்கேயும் வந்தது. அவள் ‘ஓவர்’ என்று எழுத, வடக்கேயிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை ‘ஹோவர்’ என்றது. இரண்டையும் எழுதி, கீழே ஒரு கல்லுப்பை வைத்து, யார் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள். எங்களுக்குக் குழுவும் கூட்டமும் இல்லாமல் அது தோன்றியிருக்காது.

மூன்றாம் மாதம் மேலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். பலகையில் தெலுங்கு எழுத்தைப் பார்த்துவிட்டு, “இது எந்த மாநிலம்?” என்று கேட்டார். அவளிடம் உள்ளூர்ச் சான்றிதழ் இல்லை, மதிப்பெண் பட்டியல் வேறு மாநிலத்தது. சிக்ஷாதூத் பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. நான் கிளம்பும்வரை எங்கள் அமைப்பு கொடுத்த சிறு தொகையில்தான் நடத்திக்கொண்டிருந்தாள்.

#15 சொல்லாய்வு

அந்தக் கல்லுப்புக்கு ஒரு வணக்கம். அவருக்குத் தேவநாகரி வருமா? தெலுங்கு தெரிந்தவருக்கு இரண்டு மாதத்தில் பழக்கிவிடலாம். எழுத்துக்கு எழுத்து இணை காட்டும் அட்டைகள் நான் செய்துதருகிறேன். தேவநாகரியில் எழுதினால் பார்வையிட வருபவருக்கும் ஆட்சேபம் இருக்காது, அவர் கோண்டியென்று கவனிக்கப்போவதும் இல்லை.

#16 நேர்கோடு

மாவட்ட நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். சான்றிதழ் விஷயமாகக் கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்லமாட்டேன். விவரங்களைத் தனிமடலில் அனுப்புங்கள், அவர் பெயரைப் பொதுவில் போட வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

#17 மலையருவி

நானும் ஒரு மாதம் வந்து இருக்கலாமா என்று யோசிக்கிறேன். கோண்டி தெரியாது, சமைப்பேன், பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன். எப்போது வந்தால் வசதி?

#18 பாதசாரி

நேர்கோடு, அனுப்பிவிட்டேன். நன்றி.

மலையருவி, மார்ச், ஏப்ரல் வேண்டாம். இலுப்பைப் பருவம், விடியுமுன்பே பிள்ளைகள் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். மே மாதம் தேந்து இலை. ஜூன் நடுவில் பள்ளி திறக்கும், ஆனால் மழை பிடித்துவிட்டால் ஓடையைத் தாண்ட முடியாது. ஆகவே ஜூன் முதல் வாரமே உள்ளே போய்விடுங்கள். கொசுவலை கட்டாயம். கல்லுப்பு கொண்டுபோக வேண்டாம், அங்கேயே கிடைக்கும். சுண்ணக்கட்டி கொண்டுபோங்கள்.